பஞ்சரக்காவும் பதினோரு பக்கப் படிவமும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் பஞ்சரக்காவை ஏமாற்றிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பஞ்சரக்கா ஏமாற்றிய ஆளும் ஒருவர்கூடக் கிடையாது. முதல் விஷயத்துக்காக எக்ஸ்பிரஸ் ரோடே அவருக்கு மரியாதை கொடுத்தது. இரண்டாவது விஷயத்தால், அவருக்காக வக்கீல் வேலை பார்க்கப் போன எங்களுக்குத் தாவு தீர்ந்துபோனது.

வக்கீல் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அப்போது நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. எங்கள் கல்லூரி சனிக்கிழமை தோறும் திருவொற்றியூரில் ஒரு வாசகசாலை மாடியில் சட்ட உதவி மையம் நடத்தியது. புத்தகத்தில் படித்த சட்டத்தை நிஜ மனிதர்களுக்குப் பயன்படுத்திப் பழக ஏற்பாடு. கோர்ட்டில் ஏறிப் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. மனு எழுதிக் கொடுக்கலாம். கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டு அனுமதித்தால் அவருக்காக அரசு அலுவலகத்தில் போய்ப் பேசலாம். நானும் வகுப்புத் தோழன் ஃபாரூக்கும் ஒரு ஜோடி. அவன் பழைய வண்ணாரப்பேட்டை. நான் தண்டையார்பேட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். அப்பாவுக்குப் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு, நாட்டையே உலுக்கும் வழக்கோடு யாராவது படியேறி வருவார்கள் என்று காத்திருப்போம். வந்தவர்கள் எல்லாரும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத்தான் வந்தார்கள்.

வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுத ஒரு படிவம் இருந்தது. பதினோரு பக்கம். அதைத் தயாரித்த பெருமை என்னைச் சேரும். தாய்வழித் தாத்தா பெயரிலிருந்து, வீட்டில் எத்தனை ஜன்னல் என்பது வரைக்கும் அதில் கேட்டிருந்தேன். எங்கள் பொறுப்புப் பேராசிரியை, நாங்கள் 'மேடம்' என்று மட்டும் அழைத்தவர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப விரிவா இருக்கும்மா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை மாடிப்படி அதிர ஒரு அம்மாள் ஏறி வந்தார். வயது முப்பத்தெட்டு இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. முழங்கை வரைக்கும் கிரீஸ். வந்தவர் எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை.

"கீழ நிக்குதே கறுப்பு வண்டி, அது யாருது? பின் சக்கரத்துல காத்து கீதா இல்லியான்னு பாத்தியா?"

ஃபாரூக் பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கினான். அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் டியூப் போய்விடும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகுதான் அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். நான் பேனாவைத் திறந்து, பிரச்னையைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டேன்.

"கம்ப்ரசர தூக்கினு பூட்டானுங்க" என்றார்.

அவ்வளவுதான். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றால் சுருக்கமாகச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். மீதியைப் படிவத்தின் பதினோரு பக்கமும் சேர்ந்து அவரிடமிருந்து பிடுங்கியது. எர்ணாவூர் அருகில் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் அவருக்கு டிரெய்லர் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. கடை என்றால் நான்கு கழி, ஒரு தார்ப்பாய். அண்ணனுக்குக் கூடமாட உதவி செய்ய வந்தவர். அண்ணன் துபாய்க்குப் போய்விட்டார், கடை இவரிடம் நின்றுவிட்டது. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. படிவத்தில் எழுதியும் வைத்தேன். ஆனால் அதைச் சொன்னால் சடையங்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே யாரென்று கேட்பார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரைவர், வள்ளூர் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிற சாம்பல் லாரிக்காரர், எல்லாருக்கும் அவர் பஞ்சரக்காதான்.

பத்து நாளைக்கு முன் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி ஒன்று வந்து கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எந்த அலுவலகத்து லாரி என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த அலுவலகத்தில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அக்கா போய்க் கேட்டபோது, பிடித்து வைத்த இரும்பையெல்லாம் அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, ஏலம் விடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கம்ப்ரசர் எந்தக் கடையிலும் கிடைக்காது. காசிமேட்டில் உடைத்த ஒரு படகின் டீசல் எஞ்சினையும், எங்கிருந்தோ வந்த ஒரு டேங்கையும் வைத்து அக்காவும் அண்ணனும் இரண்டு மாதம் உட்கார்ந்து பிணைத்த மெஷின். டிரெய்லர் டயருக்குக் கைப்பம்பில் காற்றடிக்க முடியாது. அது பழைய இரும்போடு போய்விட்டால் அக்காவின் கடையும் அதோடு சரி.

நாட்டையே உலுக்கும் வழக்கு வந்துவிட்டது என்று எனக்கு அன்று மதியச் சாப்பாடே இறங்கவில்லை.

இடத்தை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மேடம் அனுப்பினார். காற்றில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டே எர்ணாவூர் போனோம். அங்கேதான் அக்காவின் பெரிய கிறுக்குத்தனம் எங்களுக்குத் தெரிந்தது. பஞ்சர் ஒட்டுபவர்கள் ஒரு ஓட்டையை மூன்று ஓட்டை ஆக்குவார்கள் என்று ஊரில் ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் தன் மேல் வந்துவிடக் கூடாது என்பதற்காக அக்கா ஒரு முறை வைத்திருந்தார். டியூபைக் கழற்றிக் காற்றேற்றிக் கொடுப்பார். அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தை வண்டிக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து விரலை வைத்துக் காட்டினால்தான் ஒட்டுவார். அன்று காற்றேற்ற இரவல் வாங்கிய ஒரு சின்ன கம்ப்ரசர் இருந்தது.

"ஓட்டைய நீ காட்டு நைனா. ஒட்றது என் வேல" என்று ஃபாரூக்கிடம் டியூபைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஃபாரூக்குக்கு எங்கே முக்கினாலும் குமிழி வரவில்லை. சட்டை நனைந்தது, பேன்ட் நனைந்தது. எதிரே அரியானாவோ பஞ்சாபோ, ஒரு டர்பன் கட்டிய டிரைவர் இவன் டியூபைவிடப் பத்து மடங்கு பெரிய டியூபை ஒரு டிரம்முக்குள் திணித்துக்கொண்டு அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு எந்த அவசரமும் இல்லை. தூரத்திலிருந்தே குமிழி எங்கே வருகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அரை மணி கழித்து ஃபாரூக் ஒரு இடத்தில் விரலை வைத்து, உலகக் கோப்பை வாங்கியவன் போலக் கத்தினான். அக்கா வந்து பார்த்து, "ம், அதான்" என்று ஒட்டிக் கொடுத்தார்.

மனுவை நான் எழுதினேன். ஒன்பது பக்கம். 'மனுதாரர் மேற்படி இடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இடைவிடாமலும், பொதுமக்களுக்கு எவ்வித இடையூறுமின்றியும்' என்று ஆரம்பித்து, படித்தால் எனக்கே கண்ணீர் வந்தது. கையெழுத்து வாங்கப் போனபோது அக்கா ஒரு டிரெய்லருக்கு அடியில் இருந்தார். அந்த இரவல் கம்ப்ரசரை வைத்துக்கொண்டு, ஒரு டயருக்கு முக்கால் மணி நேரம் காற்றடிக்கும் போராட்டம். இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. படித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்றார். நான் ரோட்டோரம் நின்று, ஓடுகிற லாரிகளுக்கு மேல் தொண்டை கிழியப் படித்தேன். மறுப்பு லாரிக்கு அடியிலிருந்து வந்தது.

இடைவிடாமல் என்று எப்படிப் போடலாம், பெரிய வெள்ளத்தில் பன்னிரண்டு நாள் கடையே இல்லை, அண்ணன் கல்யாணத்துக்கு நான்கு நாள் மூடியிருந்தது என்றார். அடித்தேன். இடையூறு இல்லை என்பதும் பொய், ஒரு தடவை டயர் உருண்டுபோய் பஸ் நின்றது என்றார். அதையும் அடித்தேன். மனுதாரர் ஏழை என்று எழுதியிருந்ததற்கு, "யாரு சொன்னா?" என்று ஒரு கேள்வி மட்டும் வந்தது. அங்கேயே திருப்பி எழுதியதில் ஒன்பது பக்கம் இரண்டு பக்கமானது. அந்த இரண்டில் ஒன்று, இடைவிட்ட நாட்களும் செய்த இடையூறுகளும். உலகத்திலேயே தன் கட்சிக்காரருக்கு எதிராக மனு எழுதிய முதல் சட்ட மாணவி நான்தான் என்று ஃபாரூக் சொன்னான். அக்கா வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

தெருவில் தொழில் செய்பவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. பொருளைப் பறிமுதல் செய்தால் உடனே பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உரியவர் வந்து கேட்டால் இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து மனுவின் முதல் பக்கத்தைத் திருத்தமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, அக்கா பட்டியலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையே என்று தோன்றியது. சொல்லவில்லை என்றால் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்றால் பிடி கிடைத்துவிட்டது. முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'பறிமுதல் பட்டியல் எதுவும் மனுதாரருக்குத் தரப்படவில்லை.' அக்கா போட்ட கையெழுத்துப் பக்கத்தை அதன் அடியில் வைத்துக் குத்தினேன். இதை மட்டும் அவரிடம் படித்துக் காட்டவில்லை. மறுபடி எர்ணாவூர் போய் லாரிக்கு அடியில் குனிந்து கத்த வேண்டுமே என்ற சோம்பல். ஃபாரூக்கிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, கம்ப்ரசரைத் தூக்கிய அலுவலகத்திலேயே விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலி முதுகில் பூத்துவாலை போட்ட ஓர் அதிகாரி. இந்தப் பக்கம் அக்கா நடுவில், நாங்கள் இருபுறமும். மேடம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் பேசும்போது தான் வாய் திறப்பதில்லை என்பது அவரே வைத்திருந்த விதி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி அக்காவுக்கு நாங்கள் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்திருந்தோம்.

அதிகாரி மனுவைப் படித்தார். இடையூறுகள் பக்கத்தில் ஒரு தடவை சிரித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, தன் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேஜையில் வைத்தார். பறிமுதல் பட்டியலின் நகல். 'இரும்புச் சாமான் ஒன்று' என்று எழுதி, கீழே அக்காவின் கையெழுத்து.

"பட்டியலே தரலைன்னு போட்டிருக்கீங்க. இது யார் கையெழுத்தும்மா?"

அக்கா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. டியூபில் குமிழி வரும் இடம் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

காக்கிச் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் மடித்த ஒரு சீட்டை எடுத்து வைத்தார். "குடுத்தாங்க சார். தோ கீது. இந்தப் பொண்ணு என்னாண்ட கேக்கல. கேக்கலியேன்னு நானும் சொல்லல. தப்பு ரெண்டு பேரு மேலயும் கீது."

தாய்வழித் தாத்தா பெயரைக் கேட்டிருந்தேன். ஜன்னல் எத்தனை என்று கேட்டிருந்தேன். பதினோரு பக்கத்தில் 'அவர்கள் ஏதாவது காகிதம் கொடுத்தார்களா' என்ற ஒரு கேள்வி மட்டும் இல்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. அவ்வளவும் என் மேல். அந்த வரி தன் கையெழுத்துக்கு மேல் எப்படி வந்தது என்று அக்கா அங்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் படிப்பு அன்றோடு சந்தி சிரித்திருக்கும். அவர் கேட்கவில்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். மனுவில் பொய் இருக்கிறது என்றார். அது போகட்டும், இந்தச் சட்டம் தெருவில் விற்பவர்களுக்கு. பஞ்சர் கடையில் என்ன விற்கிறார்கள், இந்தச் சட்டமே இவருக்குப் பொருந்தாதே என்றார். "சொல்லும்மா. நீதான பேச வந்திருக்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் என்பதுகூடத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஃபாரூக் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை ஏலம்.

அக்காவுக்கு வாய் இல்லையா என்ன? எக்ஸ்பிரஸ் ரோட்டில் பத்து டிரைவரை ஒரே மூச்சில் அடக்குகிறவர். எழுந்து நின்று அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம், இந்தப் பொண்ணு வேண்டாம், வேற ஆளைப் பேசச் சொல்லுங்கள் என்று மேடத்தைக் கேட்டிருக்கலாம். கம்ப்ரசர் அவருடையது. பிழைப்பு அவருடையது. அவர் கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாத குரலில் அதிகாரியிடம் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க சார். பொண்ணு தேடிக்கினு கீது. கெடைச்சிடும்."

அதிகாரியும் என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவை மூடிக் காத்திருந்தார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. ஃபாரூக் அரை நிமிடம் என்பான், எனக்கு அது ஒரு வருஷம். எழுத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கம் கிடைத்தது. அந்த வரியில் விரலை வைத்துப் படித்தேன். தெருவில் பொருள் விற்பவர் மட்டும் இல்லை, பொதுமக்களுக்குச் சேவை செய்பவரும் தெரு வியாபாரிதான் என்று அதில் இருந்தது. அதிகாரிக்குக் கேட்கும்படி இரண்டாம் தடவையும் படித்தேன். பிறகு, பட்டியல் பற்றிய வரி என் தவறு என்றும், அதை அக்காவிடம் படித்துக் காட்டாமல் சேர்த்தேன் என்றும் நானே சொன்னேன். சுவரோரம் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி புத்தகத்தை வாங்கித் தானும் படித்துப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். பிறகு அக்காவைப் பார்த்து, "நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து எங்க ஆபீஸ் பேப்பர் குடுத்துச்சுன்னு ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். மனுவின் மேல் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் அந்தக் கம்ப்ரசரை எடுக்க நாற்பதடி டிரெய்லர் ஒன்று வந்தது. டர்பன் டிரைவர்தான். இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று வாசல் காவலாளி கேட்டதற்கு, இதைவிடச் சின்ன வண்டி தன்னிடம் இல்லை என்று இந்தியில் சொன்னார். பரந்த மேடையின் நடுவில் கம்ப்ரசர் தனியாக, மாப்பிள்ளை ஊர்வலம் போல எர்ணாவூர் வந்து சேர்ந்தது. ஃபாரூக் அதன் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு வந்தான். அக்கா பெல்ட்டை மாட்டி, டீசல் ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் படகு எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. ரோட்டில் போன இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. அக்காவின் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

வழக்கு முடிந்ததும் கட்சிக்காரர் கருத்துப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். அதில் போடுகிற மதிப்பெண் எங்கள் பரீட்சை மார்க்கில் சேரும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாததால் ஃபாரூக்தான் கேள்விகளைப் படித்தான். உங்களுக்காகப் பேசிய மாணவிக்குப் பத்துக்கு எத்தனை?

"நாலு."

ஃபாரூக் பேரம் பேசினான். கம்ப்ரசர் வந்துவிட்டதே, பரீட்சை மார்க் அக்கா, ஒரு ஆறாவது போடுங்கள் என்று கெஞ்சினான். படித்துக் காட்டாமல் எழுதியதற்கு நாலே அதிகம் என்று பதில் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் அடுத்த கேள்வியைப் படித்தான். இனி உங்களுக்குச் சட்டப் பிரச்னை வந்தால் யாரிடம் போவீர்கள்?

அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "இத்தாண்டதான்."

"நாலு மார்க் போட்டுட்டு மறுபடி இவகிட்டியே வர்றீங்களாக்கா?"

"பின்ன? இனிமே அது படிச்சிக் காட்டும்."

நான் வக்கீலாகி ஏழு வருஷம் ஆகிறது. கட்சிக்காரருக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டாமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்து வாங்கியதில்லை. இதனால் என் ஜூனியர்கள் படும் அவஸ்தை அவர்களிடம் கேட்டால் தெரியும். நல்ல வக்கீல் என்று யாராவது என்னைச் சொன்னால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு எர்ணாவூருக்குப் போக வேண்டியது. இத்தனை வருஷத்தில் பஞ்சரக்கா மூன்று வழக்குகளோடு என்னிடம் வந்திருக்கிறார். ஒன்றில் தோற்றோம், அதற்குப் பிறகும் வந்தார். அவர் படியேறி வரும் நாளில் எனக்கு இன்னமும் கை வியர்க்கும். பல மாதம் அவர் வராவிட்டால், எந்த வேலையும் இல்லாமலே எர்ணாவூர் பக்கம் ஒரு தடவை போய்விட்டு வருவேன்.